நோர்டால் நெட்டின் பத்தொன்பது பேர்

இல்ல சார், உங்களக் குத்தம் சொல்லல. புகார் வந்துச்சுன்னா வந்திருக்கும், செயின்ட் பால் அரசாங்க ஆபீஸ்லேர்ந்து இந்தப் பனியில நாலு மணி நேரம் வண்டி ஓட்டிக்கிட்டு வந்து நீங்க எதுக்குப் பொய் சொல்லப் போறீங்க? நான் என்ன சொல்றேன்னா, எங்க நோர்டால்ல எவரும் புகார் எழுத மாட்டாங்க. போன வருஷம் டெல்மர் ப்ரெக்கேன்னு ஒருத்தர், ஒறஞ்சு கெடந்த ஏரி மேல வண்டிய ஓட்டிட்டுப் போனாரு, ஐஸ் ஒடஞ்சு வண்டி உள்ள போயிடுச்சு. மனுஷன் நனஞ்சு, வெறச்சுப் போய் கரை ஏறி வர்றாரு. என்னாச்சு டெல்மர்னு கேட்டா, பரவாயில்ல ஓர்வில், இதவிட மோசமாவும் ஆகியிருக்கலாம்னாரு. இவங்களா சார் இன்டர்நெட் சரியில்லன்னு கடுதாசி போடுவாங்க?

காப்பி? வேணாமா? சரி.

பாருங்க, இதான் மெஷினு. நல்லாப் பாருங்க, தொட்டுக்கூடப் பாருங்க, உங்க டெஸ்ட் மெஷினையும் மாட்டிக்குங்க. இந்த அலமாரில பதினாலு மோடம் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு போன் லைன். அங்க பணம் கட்டறவங்க வீட்டுக் கம்ப்யூட்டர் நம்பர் போடும், இங்க விளக்கு எரியும். கீய்ய்னு ஒரு கத்து, கொர்ருன்னு ஒரு இழுப்பு, ஆச்சு, இணைப்பு. தொண்ணூத்தாறுல நோர்டால் நெட்னு பேரு வச்சு ஆரம்பிச்சேன் சார். அதுக்கு முன்னால இது டிவி ரிப்பேர் கடை. ஒரு காலத்துல நானூத்திப் பன்னெண்டு பேர் இருந்தாங்க. என் சம்சாரம் ஆர்டிஸ்தான் போன எடுப்பா. எடுத்ததும் டெக்னிக்கல் பிரிவுன்னுவா, கணக்கு சம்பந்தமான்னு கேட்டா, கொஞ்சம் இருங்கன்னு சொல்லிட்டு, மூணு எண்ணிட்டு, குரல மாத்தி கணக்குப் பிரிவுன்னுவா. ஊர்ல எல்லாருக்கும் தெரியும் ரெண்டும் ஆர்டிஸ்தான்னு. ஒருத்தர் கேக்கணுமே!

அப்புறம் கூட்டுறவு சங்கத்துக்காரங்க வந்து வயல் வயலாத் தோண்டி கண்ணாடிக் கம்பி, அதான் ஃபைபர் இன்டர்நெட், இழுத்தாங்க. இப்ப மாட்டுக் கொட்டாயில நின்னுக்கிட்டே படம் பாக்கலாம். புதுசா ஊருக்குக் குடிவந்தவங்க எல்லாம் மறுநாளே மாறிட்டாங்க, அவங்களுக்கு என்ன மொகம் பாக்கற சங்கடம்? மிச்சம் நின்னது பத்தொன்பது பேர். எல்லாம் பழைய ஆளுங்க. என் கூடப் படிச்சவங்க, என் கூடச் சர்ச்சுல பாடறவங்க.

லவோன் கதையக் கேளுங்க. பள்ளிக்கூடத்துச் சமையல்காரம்மா, ரிடையர் ஆயிட்டாங்க. நாலு வருஷம் முந்தி ஒரு நாள் ட்ரே நெறைய எலுமிச்ச கேக்கோட வந்தாங்க. எனக்குப் புரிஞ்சு போச்சு, இணைப்ப வேணாங்கறதுக்கு வந்திருக்காங்க. வெறுங்கையோட வந்து எப்படி வேணாம்னு சொல்றதுன்னுதான் கேக்கு. உக்காந்தாங்க. மழையப் பத்திப் பேசினோம். அவங்க தங்கச்சி முட்டிக்கால் ஆபரேஷனப் பத்திப் பேசினோம். ஒண்ணரை மணி நேரம்! எந்திரிச்சாங்க, கோட்டு போட்டாங்க, கதவுகிட்ட போயி அப்புறம் ஓர்வில்னு ஆரம்பிச்சாங்க. நான் பாத்தேன். அவங்க பாத்தாங்க. அப்புறம் ஓர்வில், இன்னொரு ஈமெயில் முகவரி குடுப்பீங்களான்னு கேட்டு, அதுக்கும் சேத்துப் பணம் கட்டிட்டுப் போயிட்டாங்க. சிரிக்காதீங்க சார். நானும்தான், உங்களுக்கு எதுக்கு ரெண்டாவதுன்னு கேட்டேனா? ரசீது எழுதிக் குடுத்தேன்.

கொஞ்சமாக் காப்பி? அரைக் கப்பு? சரி சரி.

அதோ, ஏழாவது விளக்கு எரியுது பாருங்க. மணி பதினொண்ணு பத்தா? டெல்மர். இருபது நிமிஷம் இருப்பாரு, அப்புறம் விளக்கு அணையும். உடனே நாலாவது எரியும், அது லவோன். எப்படித் தெரியுமா? சொல்றேன். நீங்க ஊர்க்காரர் இல்ல, உங்ககிட்ட சொல்லலாம்.

போன நவம்பர்ல சர்ச்சுக்குக் கீழ இருக்கற சமையக்கட்டுல குழாய் ஒழுகுதுன்னு போனேன். அங்க சுவத்துல எப்பவும் ஒரு அட்டவணை தொங்கும், இந்த வாரம் காப்பி போடறது யாரு, பாத்திரம் கழுவறது யாருன்னு. அதுக்குப் பின்னால இன்னொரு தாள். மேல ஓர்வில்னு என் பேரு. கீழ கிழமை, மணி, பேரு. செவ்வாய் பதினொண்ணு பத்து டெல்மர். பதினொண்ணரை லவோன். பத்தொன்பது பேரும் இருக்காங்க சார். ஒருத்தர் ஊர்ல இல்லன்னா அவருக்குப் பதிலா யாரு நம்பர் போடணும்னுகூட ஓரத்துல எழுதி வச்சிருக்காங்க. எல்லார் வீட்லயும் கண்ணாடிக் கம்பி வந்து நாலு வருஷம் ஆச்சு. என் விளக்கு எரியணும், அதப் பாத்து நான் சந்தோஷமா இருக்கணும்னு முறை போட்டு நம்பர் சுத்தறாங்க. டெல்மர் அதுக்குன்னே ஒரு ஏலத்துல பழைய கம்ப்யூட்டர் வாங்கினாராம்.

குழாயச் சரி பண்ணிட்டு, தாள இருந்த மாதிரியே வச்சிட்டு வந்துட்டேன்.

எப்படிச் சார் சொல்றது? எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு சொன்னா பத்தொன்பது பேருக்குத் தலைகுனிவு. கடைய மூடறேன்னு சொன்னா, ஐயோ நாம சரியா முறை எடுக்கலையோன்னு நெனப்பாங்க. ரெண்டு வருஷம் முந்தி ஆர்டிஸுக்கு நெஞ்சுல சளி கட்டி, இந்தக் குளிர் ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வெயில் அடிக்கற அரிசோனாவுல எங்க பொண்ணு வீட்டுக்குப் போயிட்டா. நான் பத்தொன்பது பேருக்கு ஒரு வழி பண்ணிட்டு வந்துடறேன்னு சொன்னேன். அவ கெளம்பிப் போன அந்த வாரத்துலேர்ந்தே இவங்க என்ன பண்ணினாங்க தெரியுமா? ஐயோ, ஓர்வில் தனியா இருக்காரேன்னு வாரத்துக்கு ஒரு முறை சுத்தினத ரெண்டு முறையா ஆக்கிட்டாங்க!

பொண்டாட்டி மொகத்தப் பாக்கணும்னா எனக்கு இந்த மோடத்துல ஆகுமா சார்? ஒரு போட்டோ இறங்கறதுக்குள்ள சாப்பாடே முடிஞ்சிடும். அதனால இருபது மைல் தள்ளிப் பக்கத்து ஊரு லைப்ரரிக்குப் போயி, வெளியில காருக்குள்ள உக்காந்து அவங்க வைஃபையில பேசறேன். உள்ள போனா யாராவது பாத்துடுவாங்க. இன்டர்நெட் விக்கிறவன் இன்டர்நெட்டுக்குப் பக்கத்து ஊர்ல போய் ஒளிஞ்சு உக்காந்திருக்கேன். போன மாசம் பேசறப்ப, எப்ப வர்றீங்கன்னு கேட்டா. இன்னும் கொஞ்ச நாள் ஆர்டிஸ், இவங்களுக்கு மனசு நோகாமன்னு ஆரம்பிச்சேன். உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்ங்கன்னா.

உங்க ஊர்ல அது சாதாரணப் பேச்சா இருக்கலாம். நாப்பத்தாறு வருஷத்துல ஆர்டிஸ் என்னை அவ்வளவு கோவமாத் திட்டினதே இல்ல சார். காரை எடுக்கவே அரை மணி நேரம் ஆச்சு.

இந்தாங்க, ஊத்திட்டேன். எங்க ஊர் வழக்கம், மூணாவது தடவை கேட்டா வாங்கிக்கலாம், அது தப்பில்ல. கேக்கும் எடுங்க. முழுசா எடுங்க சார், பாதியா வெட்டி வைக்காதீங்க, இங்க எல்லாரும் அப்படித்தான், கடைசித் துண்ட முழுசா எடுக்கக் கூச்சப்பட்டு, அது காஞ்சு போறவரைக்கும் வெட்டிக்கிட்டே இருப்பாங்க.

என்ன, டெஸ்ட் முடிஞ்சிடுச்சா? என்ன சொல்லுது உங்க மெஷினு? எல்லாம் ஒழுங்கா ஓடுதா? ஒரு குறையும் இல்லையா? நல்லாப் பாத்தீங்களா? அந்த மூணாவது மோடம் கொஞ்சம் சூடாகும். பின்னால ஒயரு பாருங்க, எலி கடிச்ச மாதிரி இல்ல? இல்லையா. கூரை ஒழுகறது கணக்குல வருமா? தீயணைக்கற சிலிண்டர் தேதி போயிடுச்சு, அத எழுதலாமே சார். அத எழுதி, அரசு உத்தரவுப்படி மூடணும்னு ஒரு தாள் வாசல்ல ஒட்டிட்டுப் போங்களேன். எங்க ஊர்ல உத்தரவுன்னா யாருக்கும் வருத்தம் இல்ல. ரெண்டு நாள் உங்களத் திட்டுவாங்க, அதுவும் மனசுக்குள்ள.

கையெழுத்தா? எந்தக் கையெழுத்து? ஓ, மேசை மேல இருக்கற என் ரசீது எழுத்தும் அந்தப் புகார்க் கடுதாசி எழுத்தும் ஒண்ணா இருக்கா? இருக்கும் சார். நான்தான் எழுதினேன். அது மூணாவது கடுதாசி. மொத ரெண்டுலயும் புகார்னுதான் ஆரம்பிச்சேன், முடிக்கறப்ப பாத்தா உங்க ஆபீசுக்கு நன்றிக் கடுதாசியா ஆயிடுச்சு. பதிலுக்கு நீங்களும் நன்றி போட்டீங்க.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்கு விமானம். டிக்கெட் வாங்கிட்டேன். ஆர்டிஸ்கிட்ட சொல்லிட்டேன், ஏர்போர்ட்டுக்கு வர்றேன்னா, தலைக்குச் சாயம் அடிச்சுக்கப் போறாளாம். அந்த உத்தரவ எழுதுங்க சார். நான் பேனா தர்றேன்.