மூன்று முதல் ஏழு நாட்களுக்குள்

எனக்குப் பேச வராது, எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். நீங்கள் உடனே தாளும் பேனாவும் எடுத்துக் கொடுத்தீர்கள், மேடம். பேனா நன்றாக எழுதுகிறது. எங்கள் வீட்டுப் பேனாக்கள் எல்லாம் அட்டைப்பெட்டி மேல் எழுதி எழுதி முனை மழுங்கிப் போனவை.

முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். அக்காவின் கணவர் தச்சர். அவரை மாமா என்று கூப்பிடுவேன். குழந்தைகள் மாடிப்படியில் உருண்டுவிடாமல் இருக்க, படிக்கு முன்னால் பொருத்தும் சின்ன மரக்கதவு செய்கிறார். இழுப்பறைக்குக் கொக்கி, மேசை முனைக்கு உறை என்று சில்லறைச் சாமான்களும் உண்டு. அக்கா படம் எடுத்து இணையத்தில் போடுவாள். பெட்டியில் போடுவது, லேபிள் ஒட்டுவது, வாங்குபவர்களுக்குப் பதில் எழுதுவது எல்லாம் நான். இயற்பியல் படித்துவிட்டு டேப் ஒட்டுகிறாயே என்று கேட்பவர்கள் உண்டு. யார் முகத்தையும் பார்க்காமல் செய்யக்கூடிய வேலை இது என்பது அவர்களுக்குத் தோன்றாது.

நட்சத்திரக் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். பொருளுக்கு ஐந்து வரை போடலாம். வந்து சேர்ந்த வேகத்துக்குத் தனியாக ஐந்து வரை போடலாம். இரண்டையும் சேர்த்துக் கடையின் தலையில் கட்டுவார்கள். நாலரையும் அதற்கு மேலும் இருந்தால் கடைப் பெயருக்குப் பக்கத்தில் நீலக்குறி ஒன்று நிற்கும். குறைந்தால் குறி போய்விடும், கடை பதினோராம் பக்கத்தில் கிடக்கும். பதினோராம் பக்கம் வரை யாரும் வருவதில்லை. பெட்டியை எடுத்துப் போகிற வேன் எங்களுடையது இல்லை. ஓட்டுநர் எங்கள் ஆள் இல்லை. வழியில் பெய்கிற மழையும் எங்களுடையது இல்லை. நட்சத்திரம் மட்டும் எங்களுடையது.

அந்த மனிதருக்கு 'மூணுநாள்' என்று பெயர் வைத்தது அக்கா. அவர் எங்களிடம் முதலில் வாங்கியது இழுப்பறைக் கொக்கி. இரண்டாம் நாளே வேன் அவர் வீட்டு வாசலில் போய் நின்றது. வீட்டில் ஆள் இல்லை. பதிவில் இருக்கிறது, நீங்களே பார்க்கலாம். மறுநாள் கொடுத்தார்கள். அவர் எழுதியது இது: "கொக்கி பிரமாதம். ஆனா மூணு நாள் ஆச்சு. ஒரு நட்சத்திரமே ஜாஸ்தி." நாலரையில் நின்றுகொண்டிருந்த நாங்கள் நாலு புள்ளி நாலுக்கு இறங்கினோம். வேன் முந்தின நாளே வந்ததை எடுத்துச் சொல்லி, பணிவாக ஒரு செய்தி அனுப்பினேன். "அதெல்லாம் உங்க பிரச்சனைம்மா. என்கிட்ட எதுக்குக் கதை?" என்று பதில் வந்தது.

ஒரு மாதம் பட்டறையில் ரம்பச் சத்தமே இல்லை. மாமா பக்கத்து வீட்டு நாற்காலிக்குக் கால் மாற்றிக்கொண்டிருந்தார். அக்கா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒத்த விரலால நம்ம பொழப்பை அமுக்கிட்டான் பாரு என்றாள். மாமா சிரித்தார். அவருக்கு எல்லாவற்றுக்கும் சிரிப்புதான். பாவம், வீட்டில் வாங்கிய திட்டை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டாமா என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்தால் என் மூக்கு சிவந்துவிடும். கண்ணாடியில் பார்த்தேன், சிவக்கவில்லை. ஆகவே யோசித்தேன். ஒரு மீட்டரின் முள் அடியில் முட்டி நின்றுவிட்டால், அதற்கும் கீழே என்ன நடந்தாலும் அது காட்டாது. ஒரு நட்சத்திரத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. அப்படியென்றால் மூன்று நாளும் ஏழு நாளும் அவருக்கு ஒன்றுதான். இது என் முடிவு இல்லை, அவரே அளந்து சொன்னது.

பிறகு அவர் மாடிப்படிக் கதவு கேட்டார். திட்டியவர்கள் திரும்பி வருவது எங்கள் தொழிலில் சகஜம். கதவு நல்ல கதவு. கூடவே ஒரு செய்தியும் வந்தது: "பொண்ணு தவழ ஆரம்பிச்சிட்டா. எங்க விட்டாலும் நேரா படிக்கட்டுக்குத்தான் போறா. கொஞ்சம் சீக்கிரம் அனுப்புங்கம்மா."

கதவு ஒன்று தயாராகவே இருந்தது. அரைமணி நேரத்தில் நாலு மூலைக்கும் அட்டை கொடுத்துப் பெட்டியில் போட்டு, டேப் ஒட்டி, வாசல் அலமாரியில் காலிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. லேபிள் மட்டும் ஒட்டவில்லை. லேபிள் அச்சடித்தால்தான் வேன்காரருக்கு அது பார்சல். அதுவரை அது வீட்டுச் சாமான்.

இணையத்தில் எங்கள் கடையின் பக்கத்தில் 'மூன்று முதல் ஏழு நாட்களுக்குள்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. ஏழும் அதற்குள் அடக்கம்.

தினமும் நாலு மணிக்கு வேன் வரும். ஓட்டுநர் அண்ணன் கலகலப்பானவர். நான் பதில் பேச மாட்டேன் என்று தெரிந்தும் விடாமல் பேசுவார். மூன்றாம் நாள் அந்தப் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, இவரு இன்னிக்கும் கிளம்பலையா? வாடகை ஏதாச்சும் குடுக்கறாரா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்னும் லேபிள் வரவில்லை என்றேன். அச்சு இயந்திரத்தைத் திட்டிவிட்டு மற்ற பார்சல்களை எடுத்துக்கொண்டு போனார். அன்று மாலை அக்கா, மூணுநாளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். பெட்டியில் போட்டாயிற்று என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

அதே மூன்றாம் நாள் அவரிடமிருந்து ஒரு செய்தி. குழந்தை மூன்று படி ஏறிவிட்டதாம். ஏறத் தெரிகிறது, இறங்கத் தெரியவில்லை என்று எழுதியிருந்தார். எழுத்தில் கொஞ்சம் பெருமைகூடத் தெரிந்தது. ஆர்டர் குறித்த காலத்துக்குள் வந்து சேரும், எங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி என்று பதில் போட்டேன். கடைசியில் ஒரு சிரிக்கும் முகமும் வைத்தேன். அது எல்லோருக்கும் வைப்பதுதான்.

நாலாம் நாள் படம் அனுப்பினார். கீழே படி ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு நாற்காலியைப் படுக்கப் போட்டு, அதற்கு முட்டாக ஒரு சூட்கேஸை வைத்திருந்தார்கள். "இதான் இப்போதைக்கு எங்க கதவு. என் பொண்டாட்டி ராவும் பகலும் காவல். எப்பம்மா வரும்?" படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாற்காலிக் காலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. குழந்தையின் தலை நுழைகிற சந்தில் உடம்பும் நுழைந்துவிடும் என்று மாமா எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அதனால்தான் எங்கள் கதவில் கட்டைக்குக் கட்டை நாலு விரல். ஒரு சாண் மிக அதிகம்.

சந்தை அடையுங்கள் என்று அவருக்கு எழுத ஆரம்பித்தேன். அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. அது என் பிரச்சனை இல்லை, நான் கதை சொல்லக் கூடாது. அழித்துவிட்டுப் பழைய பதிலையே மறுபடி போட்டேன்.

ஐந்தாம் நாள் நாலு மணிக்கு லேபிள் ஒட்டிக் கொடுத்தேன். ஓட்டுநர் அண்ணன் பெட்டியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, போயிட்டு வர்றோம் என்று பெட்டியின் சார்பில் விடைபெற்றார். ஆறாம் நாள் மூணுநாளிடமிருந்து எந்தச் செய்தியும் இல்லை. ஒரு வழியாக மனிதர் பொறுமையைக் கற்றுக்கொண்டார் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அன்று நான் பாட்டுக் கேட்டபடி இருபது உறைகள் ஒட்டினேன்.

ஏழாம் நாள் ஓட்டுநர் அண்ணன் வந்து, வழக்கத்துக்கு மாறாக, வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். அந்த வீடு பூட்டியிருந்ததாம். பெட்டியைப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் கொடுத்தாராம். முந்தின நாள் காலை குழந்தை உச்சி வரை ஏறி, பதினான்கு படியும் உருண்டு விழுந்துவிட்டது, எல்லோரும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள் என்று அந்த அம்மாள் சொன்னாராம். அண்ணனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

மாமாவுக்கு ஒரு பழக்கம். கதவு முடிந்ததும் அடிச்சட்டத்தில் பென்சிலால் தேதி போடுவார். குழந்தையின் அப்பா பத்து நாள் கழித்துப் பெட்டியைப் பிரித்தபோது அதைப் பார்த்திருக்கிறார். அவர் ஆர்டர் போடுவதற்கு இரண்டு நாள் முன்பே முடிந்த கதவு. எங்களுக்குப் போன் செய்து, திட்டாமல், ஏன் என்று மட்டும் கேட்டார். அக்கா லேபிள் அச்சடித்த நேரத்தைத் தேடிப் பார்த்தாள். பிறகு அவர் எனக்கு அனுப்பிய செய்திகளை ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"இந்தப் படத்தை நீ பாத்தியாடி?"

"பாத்தேன்க்கா."

"சந்து தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

மாமா பட்டறையிலிருந்து வந்து நின்றார். அன்று அவர் சிரிக்கவில்லை. அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தாள். அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவளுக்கு அறிவியல் தெரியாது.

குழந்தை இன்னும் கண் திறக்கவில்லை என்று நீங்கள் சொன்னீர்கள். பார்சலை நாலு நாள், ஐந்து நாள் வைத்திருந்ததற்கெல்லாம் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று உங்கள் உதவியாளர் காதோடு காதாகக் கேட்டதும் எனக்குக் கேட்டது. உங்களுக்குச் சிரமம் வேண்டாம், நானே தெளிவாக எழுதிவிடுகிறேன். கதவு தயாராக இருந்தது. குழந்தை படி ஏறுவது தெரியும். சந்து தெரியும், சந்தில் என்ன நுழையும் என்பதும் தெரியும். லேபிள் என் கையில் இருந்தது. அந்த மனிதர் காத்திருக்க வேண்டும் என்று நினைத்தேன், காத்திருக்க வைத்தேன். இவ்வளவுக்கும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் உங்கள் அறிக்கையின் மேலே 'தாமதமான டெலிவரி' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் திருத்திவிடுங்கள், மேடம். ஏழாம் நாள் மதியம் பன்னிரண்டுக்கெல்லாம் சேர்ந்துவிட்டது.