ஓட்டிப் பார்க்காமல் வாங்கிய மெஷின்

பழைய மெஷின் வாங்குகிற யாருக்கும் நான் சொல்வது இதுதான், ஐயா: ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே பேரிங் தேய்ந்து கடகடவென்று ஆடும். நான் ஒரு பூட்டு வாங்கினால்கூட நாலு தரம் திறந்து மூடிப் பார்க்கிற ஆள். அப்படிப்பட்டவன், தங்கையிடமிருந்து அந்த சி.என்.சி. ரூட்டரை ஓட்டியும் பார்க்காமல் பேரமும் பேசாமல் ஏன் வாங்கினேன் என்று கேட்கிறீர்கள். பயம், ஐயா. வேறொன்றுமில்லை.

கம்ப்யூட்டரில் வரைந்த பூவையும் கொடியையும் மரப்பலகையில் அப்படியே செதுக்கித் தருகிற மெஷின் அது. தங்கை வீட்டுக்காரருடையது. அவர் முதலாளி, நான் ஓட்டுகிறவன். மாப்பிள்ளை நல்ல மனுஷர், என்னை வேலைக்காரனாக நடத்தியதே இல்லை. ஒரே ஒரு கெட்ட பழக்கம் இருந்தது.

மெஷின் ஓரத்தில் சிவப்பாக ஒரு பொத்தான் இருக்கும். ஆபத்து என்றால் அடித்து நிறுத்துவதற்கு. மாப்பிள்ளை அதைக் காலிங் பெல்லாக வைத்திருந்தார். போன் வந்தால் ஓர் அடி, காபி வந்தால் ஓர் அடி. நடுவில் அப்படி நிறுத்தினால் அதை இயக்குகிற பழைய கண்ட்ரோலர் எங்கே நின்றோம் என்பதையே மறந்துவிடும். மறுபடி ஓடவிட்டால் மயிரிழை தள்ளி வெட்டும். இலை நரம்பில் சின்னதாக ஒரு வடு விழும். வாங்குகிறவர் கண்ணுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும், ராத்திரி படுத்தாலும் தெரியும். எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். அவர் சிரிப்பார்.

"மரம்தானே மச்சான், உசுரா போயிடும்?"

ஒரு வீட்டுக்கு ஜோடிக் கதவு செய்யச் சொல்லியிருந்தார்கள். முதல் பலகை முழுக்கக் கொடி, நூற்றுப் பன்னிரண்டு இலை. அன்று காலையில் மெஷினை ஓடவிடும் முன், பொத்தானுக்குப் போகிற இரண்டு கம்பிகளையும் ஒன்றாக முறுக்கிவிட்டேன். இனி எத்தனை அடி அடித்தாலும் மெஷின் நிற்காது. அடித்துப் பார்த்து ஏமாறட்டும், அப்புறம் சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன்.

மதியம்தான் மாப்பிள்ளை பட்டறைக்கு வந்தார், வந்ததும் அவர் துணி மெஷினில் மாட்டிக்கொண்டது. மரத்தூளுக்காகக் கழுத்தில் சுற்றிக்கொள்கிற துணி. கீழே விழுந்த பென்சிலை எடுக்கக் குனிந்திருக்கிறார், துணி கழுத்தை இறுக்கி உயிர் போய்விட்டது. ஸ்டேஷனிலிருந்து வந்து விபத்து என்று எழுதிக்கொண்டு போனீர்கள். துணியைச் சுற்றிக்கொண்டு மெஷின் பக்கம் போகலாமா என்று எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். பொத்தான் வேலை செய்கிறதா என்று மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை.

தங்கை பட்டறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மூன்று மாதம் நான் உள்ளே போக வழியில்லை. பிறகு பழைய மெஷின் தரகர் வந்தார். வெளியூர் ஆசாரி ஒருவர் வாங்க வருகிறாராம், எல்லா சுவிட்சையும் அழுத்திப் பார்த்துத்தான் விலை பேசுவாராம். கேட்ட விலைக்கு நானே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். ஒருதரம் ஓட்டிப் பார்க்கச் சொன்னாள் தங்கை. நான் ஓட்டாத மெஷினா என்று சிரித்து மழுப்பினேன்.

மெஷின் என் வீட்டு முன்கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. கம்பிகளைப் பிரித்து மாட்ட ஐந்து நிமிடம் போதும். ஆனால் பொத்தான் பெட்டியைத் திறக்கப் போய்ப் போய்த் திரும்பினேன். பொத்தான் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினேன், பிறகு துணியைப் பார்த்தும் பயந்தேன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்று நாள் தள்ளினேன்.

நாலாம் நாள் தங்கை வந்தாள். கதவுக்காரர் இரண்டாவது பலகையைக் கேட்கிறாராம், தன் வீட்டுக்காரர் கடைசியாக ஒத்துக்கொண்ட வேலை, முடித்துக் கொடுத்துவிடு என்றாள். மறுக்க வழியில்லை. ஓடவிட்டேன். அவள் பொத்தான் மேலிருந்த அந்தத் துணியை விலக்கினாள்.

"அவர் இப்படித்தானே அண்ணா உன்னைக் கூப்பிடுவார்?"

சொல்லிக்கொண்டே அழுத்தினாள். மெஷின் பாட்டுக்கு ஓடியது. மறுபடி அழுத்தினாள், பிறகு உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். அப்புறம் அவள் பொத்தானைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அன்னைக்கு அவரும் அழுத்தியிருப்பார், இல்ல?"

அவள் திட்டவுமில்லை, அழவுமில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். நீங்கள் வந்தீர்கள்.

ஆமாம், அழுத்தினார். ஆறு தடவை. துணி சிக்கியது வெட்டுகிற கத்தியில் இல்லை. கத்தியை நகர்த்துகிற நீளமான திருகுத் தண்டில். அது மெதுவாகத்தான் சுற்றும். துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டது, நேரம் நிறைய இருந்தது. மெயின் சுவிட்ச் சுவரில் என் தோளுக்குப் பக்கத்திலேயே இருந்தது, கையை நீட்டியிருந்தால் போதும். பயத்தில் உறைந்துபோனேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் அவர் என்னைத்தான் பார்த்தார். நான் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி இலை பாதி ஆகியிருந்தது. அது முடிந்து மெஷின் தானாக நின்ற பிறகுதான் நான் சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிட்டேன்.

அந்தப் பலகை தங்கை வீட்டில்தான் இருக்கிறது. நேரம் கிடைத்தால் போய்ப் பாருங்கள், ஐயா. நூற்றுப் பன்னிரண்டு இலையில் ஒரு வடு இருக்காது.