தேளுக்குக் குரல் கொடுத்தவள்

எனக்கு வெந்நீர் போதும். காபி வேண்டாம். பால் உள்ளே போனால் தொண்டையில் ஆடை கட்டும், அப்புறம் அரை நாள் கனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நீங்கள் விசாரிக்கிறவர், எந்தக் குரலில் கேட்டாலும் எதிரில் இருப்பவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். எனக்குத் தொண்டைதான் தொழில்.

டப்பிங் பேசுகிறவள் நான். வயது நாற்பத்தாறு. டிவியில் அந்தப் பள்ளிக்கூடத் தொடர் ஓடியதே, கூடவே இருந்து எல்லாரையும் கவிழ்க்கும் ஒரு பெண், அவளுக்குக் குரல் நான்தான். கதையில் தோழிகள் அவளை 'தேன்' என்பார்கள். பார்க்கிறவர்கள் ஓர் எழுத்தை மாற்றி 'தேள்' ஆக்கினார்கள். அந்தக் கூட்டம் மூளையைச் செலவழித்தது அந்த ஒரு தடவைதான்.

வசனகர்த்தா என்று ஒருவர் இருந்தார். "நான் உன்னை அழித்துவிடுவேன்" என்று எழுதிக் கொடுப்பார் மனிதர். எந்தப் பெண் அப்படிப் பேசுவாள்? நான் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, "தப்பா நினைச்சுக்காத, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று வாயசைப்புக்குப் பொருத்தினேன். 'நல்லதுக்கு' என்பதற்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு. பார்க்கும் வீடெல்லாம் பிள்ளைகள் அதையே சொல்லித் திரிந்தன.

நடித்த பெண்ணுக்குப் பதினேழு வயது. முகம் பரவாயில்லை. குரல் கட்டை, எப்போதும் சளி பிடித்த மாதிரி. தயாரிப்பாளர் அதை மறைத்துவிட்டு, 'சொந்தக் குரலிலேயே மிரட்டுகிறாள்' என்று விளம்பரம் செய்தார். பேட்டி எதற்கும் விடமாட்டார். ரசிகர்களிடம் அவள் எழுதித்தான் பேசலாம், வாய் திறக்கக்கூடாது. ஷூட்டிங்குக்காகப் படிப்பைக்கூட வீட்டோடு மாற்றிவிட்டார்கள். பரிசு வாங்கிய மேடையில் அவள் வாயசைத்தாள், திரைக்குப் பின்னால் நின்று நன்றி சொன்னது நான். என் பெயரை எங்கேயும் போடவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு நாள் அவள் அம்மாவோடு வந்தாள். அடுத்த மாதத்திலிருந்து அவளே பேசப்போகிறாளாம். குரல் ஏன் மாறியது என்று யாராவது கேட்டால் காய்ச்சல் என்று சொல்லிச் சமாளிப்பதாகத் தயாரிப்பாளரும் ஒத்துக்கொண்டாராம்.

"ஆன்ட்டி, உங்களை மாதிரி என்னால பேச முடியாது, தெரியும். இருந்தாலும் என் வாயில என் குரல் வரணும்னு ஆசையா இருக்கு. நீங்கதான் சொல்லித் தரணும்."

"உங்க பொண்ணு மாதிரி நினைச்சுக்கோங்க அக்கா," என்றாள் அம்மாக்காரி.

அப்படியே நினைத்துக்கொண்டேன். பெற்ற பெண்ணாக இருந்தாலும் கண்டிக்க வேண்டிய இடத்தில் கண்டிக்கத்தானே வேண்டும்.

நாலாவது நாள் பாடம். சவுண்டு இன்ஜினீயர் சாப்பிடப் போயிருந்தார். ஒலிப்பதிவு அறைக்குள் போன் கொண்டுபோகக்கூடாது. "போரடிச்சா பாட்டு கேளுங்க ஆன்ட்டி" என்று போனைத் திறந்தே என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் அவள் என் வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் வரவில்லை. தொட்டி மீன் மாதிரி வாய் மட்டும் திறந்து மூடியது.

அவளுடைய ரசிகர் குழுவைத் திறந்தேன். அதில் ஒன்பது வயதுக் குழந்தை ஒன்று, ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து தினமும் தேளைப் படம் வரைந்து அனுப்பும். போனிலேயே மைக் பொத்தானை அழுத்தி இருபத்திரண்டு வினாடி பேசினேன்.

"அந்த ஆஸ்பத்திரிப் பொண்ணுகிட்ட யாராவது சொல்லுங்களேன், படம் அனுப்ப வேணாம்னு. பாத்தாலே குமட்டுது. எப்படியும் போகப்போறதுதானே, சீக்கிரம் போனா எல்லாருக்கும் நிம்மதி. தப்பா நினைச்சுக்காத செல்லம், உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

ஒரே டேக். நன்றாகவே வந்திருந்தது. அனுப்பிவிட்டு நிமிர்ந்தேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவள் கட்டை விரலைக் காட்டி, சரியா என்று கேட்டாள். நானும் விரலை உயர்த்திக் காட்டினேன்.

அந்தக் குழந்தைதான் முதலில் கேட்டதாம். மறுநாளிலிருந்து படம் வரவில்லை.

நடிகை அழுதுகொண்டே ஒரு வீடியோ போட்டாள். "அது நான் இல்ல, சத்தியமா நான் இல்ல." அவளுடைய சொந்தக் குரலில், அந்தக் கட்டைக் குரலில். அதற்கு ஜனங்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "இது தேள் குரலே இல்லையே, மாட்டிக்கிட்டதும் வேற ஆளை வெச்சுப் பேசுது." இப்படித்தான் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். பதினைந்து வருஷமாக யார் யாருக்கோ டப்பிங் பேசி அவர்கள் காதுக்குள்தானே குடியிருக்கிறேன்.

தயாரிப்பாளர் உண்மையைச் சொன்னால் அவருடைய விளம்பரம் பல்லிளித்துவிடும். அதனால் மன்னிப்பு கேட்டு முடித்துவிடலாம் என்று என்னைக் கூப்பிட்டார். அவள் கேமரா முன்னால் வாயசைத்தாள், "நான் பேசினது தப்பு, எல்லாரும் மன்னிச்சிடுங்க" என்று நான் பேசினேன். முடிந்ததும் அவள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கம்ப்யூட்டர்ல செஞ்சிருக்காங்களாம் ஆன்ட்டி. உங்க குரலையும் திருடிட்டாங்களே." எனக்காக அழுதாள். இவ்வளவு அசடாக இருந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

அதோடு விட்டிருப்பேன். இன்று நீங்களும் உள்ளே வந்ததும் வராததுமாக, "இது மெஷின் செஞ்ச வேலைதான், சாட்சிக்காகத்தான் உங்களைக் கூப்பிட்டோம்" என்றீர்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இன்னொரு தடவை போட்டுக் கேளுங்கள். 'நல்லதுக்கு' என்பதற்கு முன்னால் ஒரு மூச்சு இருக்கிறது. எந்த மெஷின் அப்படி மூச்சு விடும்? அந்த இருபத்திரண்டு வினாடியும் நான் பேசியது. எழுதிக்கொள்ளுங்கள், இந்தத் தடவையாவது பெயரைச் சரியாகப் போடுங்கள்.

எனக்கு அவள்மேல் கோபம் ஒன்றுமில்லை. சொந்தக் குரலில் பேசியிருந்தால் ஒரே வாரத்தில் ஊர் சிரித்திருக்கும். அதிலிருந்து காப்பாற்றினேன்.

அவள் மூன்று மாதமாக வாயே திறப்பதில்லை, அம்மாவிடம்கூடக் காகிதத்தில் எழுதித்தான் காட்டுகிறாள் என்கிறீர்கள். அவள் வந்து வாக்குமூலம் கொடுத்தால்தான் வழக்கு நிற்கும் என்றும் சொல்கிறீர்கள். அதற்கென்ன, தாராளமாகக் கூப்பிடுங்கள். உட்கார்ந்து வாயை மட்டும் அசைக்கட்டும். வழக்கம்போல நான் பேசிக் கொடுக்கிறேன்.