சேணம் கழற்றாத குதிரை

புறநகரான லவாலிலிருந்து வரும் மாலை மெட்ரோ ரயிலில் என் எதிரே இரண்டு பெண்கள். இளையவள் கையில் ஒரு கௌபாய் காதல் நாவல். மூத்தவளின் சட்டைக் கையில் வைக்கோல் ஒட்டியிருந்தது.

"அக்கா, அவன் குதிரையால குதிச்சு அவளைக் கொஞ்சிப்போட்டான்."

"சேணத்தைக் கழட்டினவனே?"

"இல்லை. அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள்ள போயிட்டான்."

"தண்ணி காட்டினவனே?"

"அதுவும் இல்லை."

"வேர்த்த குதிரையை அப்பிடி விட்டால் எங்கட லாயத்தில என்னை வேலையால நிப்பாட்டுவினம்."

"விடிய அது துடைச்சு மினுக்கின மாதிரி வாசல்ல நிக்குதாம், அக்கா."

"ஆர் துடைச்சது?"

இளையவள் பக்கங்களைப் பின்னால் புரட்டித் தேடினாள்.

"ஒருத்தற்ற பேரும் இல்லை."

"இராது," என்று மூத்தவள் கண்ணை மூடிக்கொண்டாள். "இறங்கிற இடம் வந்தால் என்னை எழுப்பிவிடு."