கரண்ட் கட் என்று சொன்னவர்

பிள்ளைகளே, பேராவூரணி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். எந்த வாய்க்காலில் என்றைக்குத் தண்ணீர் வரும் என்று காட்டும் இணையப் பக்கம் ஒன்றை, அந்தக் கணவர் ஆசைக்காக வீட்டுக் கம்ப்யூட்டரில் நடத்துகிறாராம்.

"காலையில வீட்டைப் பூட்டுறப்ப மெயினை ஆஃப் பண்ணிட்டேன். அதான் பக்கம் நின்னுபோச்சு," என்றார் மெதுவாக.

"அப்புறம் ஏன் விவசாயிங்க வாட்ஸ்அப் குரூப்புல கரண்ட் கட்டுன்னு போட்டீங்க?" என்று கேட்டார் மனைவி.

"வெட்கமா இருந்துச்சு. பக்கத்து வீட்டுல சாவி இருக்கு, மெயினைப் போடச் சொல்லிட்டேன்."

"எங்கண்ணன் நாத்தைப் பறிச்சுப் போட்டுட்டு, தண்ணி இன்னிக்கா நாளைக்கான்னு தெரியாம நிக்குது. உங்களை நம்பிக் கரண்ட் ஆபீசுல சண்டை வேற போட்டிருக்கு."

"இப்ப என்ன செய்யச் சொல்ற?"

"நான்தான் ஆஃப் பண்ணேன்னு குரூப்புல போடுங்க."

அவர் போனை எடுத்தார். அந்த ஒரு வரியை அடிக்க அவருக்கு ஒரத்தநாட்டிலிருந்து பட்டுக்கோட்டை வரை ஆனது.