உள்மடிப்பில் ஒரு சிலுவை

– ஜன்னல் பக்கம் வந்து உக்காருடி. கருப்புத் துணியில கருப்பு நூல். என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியல.

– இதுக்குத்தான் அவசரமா வரச் சொன்னியா அக்கா? ஒரு தையலப் பிரிக்கவா? இந்தக் கடை வாசப்படியவே மிதிக்க மாட்டேன்னு இருந்தவள?

– கடைல வேலை பாக்குற பொண்ணுங்ககிட்ட இதக் காட்ட முடியாது. ஊரு பூரா தம்பட்டம் அடிச்சுருவாளுங்க. நீன்னா வெளிய சொல்ல மாட்ட.

– ஆமா. நம்ம குடும்பத்துல வெளிய சொல்றவ நான் இல்லையே.

– வந்ததும் வராததுமா குத்தாத. பிரி.

– என்ன பை இது? வாயில நாடா எல்லாம் வெச்சு.

– ஜெயில் வேலை.

– நீதான் ஜெயிலுக்குச் சட்டை, போர்வை, தலையணை உறைன்னு தைக்கிறியே. இது எதுக்கு?

– தலைக்கு. தூக்குல போடறதுக்கு முன்னாடி மூஞ்சிய மூடுவாங்கள்ல, அதுக்கு. அந்தச் சின்னப் பொண்ணக் கொன்னானே, அவனுக்கு. விடிஞ்சா தூக்கு.

– ஐயோ ஆண்டவரே. இத ஏன் என் மடியில போட்ட?

– கீழ தள்ளாத, தூசி ஒட்டும். சொல்றதக் கேளு. கழுத்து மடிப்புக்குள்ள விரல விட்டுப் பாரு. முடிச்சு மாதிரி தட்டுப்படும்.

– சிலுவை.

– பழக்கதோஷம். எதத் தச்சாலும் கடைசியா ஒரு ஜெபம் சொல்லி, உள்மடிப்புல சின்னதா ஒரு சிலுவை போட்டுத்தானே நூல அறுப்பேன்? அம்மா கத்துக் குடுத்தது. கை தன்னால போட்டுருச்சு. வார்டர் தம்பி வர்ற நேரம். அதுக்குள்ள எடுத்துரு.

– எதுக்கு எடுக்கணும்?

– எதுக்கா? அந்தப் பாவி தலையில சிலுவையா? பெத்தவங்க அந்தப் பொண்ண என்ன கோலத்துல பாத்தாங்கன்னு உனக்குத் தெரியும்ல?

– தெரியும். அவன் செத்து ஒழியட்டும்னு நானும்தான் சொன்னேன். டிவி முன்னாடி உக்காந்து சொல்றது சுலபமா இருந்துச்சு. இத மடியில வெச்சுக்கிட்டு வாய் வர மாட்டேங்குது.

– எனக்கு வருது. தண்டிக்கற அதிகாரத்த ஆண்டவர்தான் குடுத்திருக்கார்.

– பாஸ்டர் போன வாரம் இவனுக்காக ஜெபம் பண்ணச் சொன்னப்ப நீ கண்ணையே மூடலையாமே?

– யாரு சொன்னா?

– கண்ணத் தொறந்து வெச்சிருந்தவ எவளோ பாத்துட்டு வந்து சொன்னா.

– அவன் வேற, நாம வேறடி.

– உசுரக் குடுத்தவருக்குத்தான் எடுக்கற உரிமைன்னு சபையில மைக்கப் பிடிச்சுச் சொன்னியே அக்கா. நல்லவன் உசுருக்கு மட்டும்னு அதுல சேக்கலையே.

– அது வயித்துல இருக்கற புள்ளைங்களுக்காகப் பேசினது. ஒரு பாவமும் அறியாததும் இவனும் ஒண்ணா?

– ஒண்ணுன்னு நான் சொல்லல. ரெண்டு உசுரும் யாருதுன்னுதான் கேக்கறேன்.

– என்கிட்ட கேட்டா? தைக்க எடுக்கற வரைக்கும் எனக்கு எல்லாம் தெளிவாத்தான் இருந்துச்சு. தலை அளவு என்னன்னு வார்டர்கிட்ட கேட்டேன். 'எல்லாரையும் மாதிரி சாதாரண தலைதாம்மா'ன்னுட்டுப் போய்ட்டான். அதுலேருந்து சோறு எறங்கல.

– என் பொண்ணு செஞ்சது சரின்னு இன்னிக்கும் நான் சொல்ல மாட்டேன். கருவக் கலைச்சுட்டு வந்து நின்னப்ப அவ மூஞ்சியவே நான் பாக்கல. ஆனா நீ?

– அத இப்ப எடுக்காதடி.

– இப்ப எடுக்காம? பொறக்காத புள்ளைங்களுக்குன்னு சபை வாசல்ல கயித்துக் கொடி கட்டிக் குட்டிக் குட்டிச் சட்டையா தொங்கவிட்டீங்க. எல்லாம் வெள்ளை. ஒண்ணு மட்டும் பச்சையில பூப்போட்டது. அவ வேலைக்குச் சேந்தப்ப நீயே ஆசையா ஒரு சுடிதார் தச்சுக் குடுத்தியே, அந்தத் துணியில மிச்சம். அன்னிக்கு அவ அந்தச் சுடிதாரையே போட்டுக்கிட்டு அந்தக் கொடிக்குக் கீழ நின்னா. மொத்தச் சபையும் கொடியப் பாத்துச்சு, அவளப் பாத்துச்சு.

– அவ அதப் போட்டுட்டு வருவான்னு எனக்குத் தெரியாது.

– வேற துணி போட்டுட்டு வந்திருந்தா தெரியாமப் போயிருக்குமா?

– வெக்கமா இருக்குடி. போதும், விடு.

– அம்மா, ஜெயில் பார்சல் ரெடியா?

– வாங்க வார்டர் தம்பி. இத அங்க உள்ள திருப்பிப் பாப்பாங்களா?

– எதுக்கும்மா பாக்கறாங்க? ஒரே ஒரு தடவை போடறது. ஏன், தையல் விட்டுருச்சா?

– இல்ல. உள்ள ஏதாச்சும் இருந்தா அவனுக்குத் தெரியுமா?

– இருட்டும்மா. கழுத்துல லேசா உரசும், அவ்வளவுதான். நைட்டெல்லாம் தூங்காம உக்காந்திருக்கான். என்கிட்ட தண்ணி கேட்டான்.

– குடுத்துரு அக்கா. அப்படியே.

– அப்படியேவா?

– சிலுவையும் அந்தக் காலத்துத் தூக்குமரம்தானே. அதுல தொங்கினவரு பக்கத்துல ரெண்டு கைதிங்க இருந்தாங்கள்ல.

– இந்தாங்க தம்பி. பாத்து, கசங்காம எடுத்துட்டுப் போங்க.

– கசங்கினா யாரு கேக்கப் போறாங்க? வரேம்மா.

– போய்ட்டான். நாம செஞ்சது சரியாடி?

– எனக்கும் தெரியல. நீ கூப்பிட்டும் நான் வர்றதா இல்ல அக்கா. குட்டிதான் போகச் சொன்னா.

– உன் பொண்ணா? என்னைப் பாக்கவா?

– அந்தப் பச்சைச் சட்டைய அன்னிக்கே கொடியிலேருந்து உருவிட்டு வந்துட்டா. கிழிச்சு அடுப்புல போடுவான்னு நெனச்சேன். தலையணைக்கு அடியில வெச்சிருக்கா.

– இன்னுமா?

– 'பெரியம்மா கோவத்துல தச்சிருந்தாலும் சிலுவை போடாம நூல அறுக்க மாட்டாங்க. என் புள்ளைக்காக ஒருத்தராவது ஜெபம் பண்ணிருக்காங்கம்மா'ங்கறா. அதப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்கறா.

– பிரிச்சுப் பாத்தாளா?

– மாட்டா. தடவித்தான் பாப்பா. ஒண்ணும் தட்டுப்படல, சின்னச் சட்டைங்கறதால சின்னதா போட்டிருப்பாங்கன்னு அவளே சொல்லிக்குவா. ஏன் அக்கா மூஞ்சிய மூடிக்கிட்ட?

– அவளுக்குத் தெரியாம அத இங்க எடுத்துட்டு வந்துருடி. இன்னைக்கே.

– எதுக்கு?

– அன்னிக்கும் கை தன்னாலதான் போட வந்துச்சு. நான்தான் இதுக்கு வேணாம்னு நூல அறுத்தேன்.