கெசியாவின் காதுக்கு ஒரு ஈக்வலைசர்

திரைச்சீலை இல்லாத ஹாலில் எவ்வளவு நல்ல ஸ்பீக்கரும் தகரம் தட்டுவது போலத்தான் ஒலிக்கும், மேடம். அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டு ஹால் அப்படிப்பட்டது. மொசைக் தரை, வெறும் சுவர். கீச்சென்ற ஒலிகள் மட்டும் தூக்கலாகக் கேட்கும். அவற்றைக் கொஞ்சம் இறக்கினால் பாட்டு சரியாகிவிடும். அதற்குத்தான் ஈக்வலைசர்.

“அப்போ சவுண்டைக் கம்மி பண்றதுதானே, ஜெபராஜ் சார்?” என்று கேட்டீர்கள். இல்லை. மொத்தச் சத்தத்தையும் குறைப்பது அதில் சேராது. ஒலியில் ஒரு பகுதியை மட்டும் ஏற்றுவதோ இறக்குவதோதான் சேரும். மிருதங்கம் அப்படியே இருக்கும், ஜால்ரா மட்டும் அடங்கும்.

என் மனைவி கெசியா சர்ச் பாடகர் குழுவில் பாடுபவள். சனிக்கிழமை பயிற்சி ஏழரைக்கு முடியும். சர்ச்சிலிருந்து வீட்டுக்குப் பன்னிரண்டு நிமிடம். நானே நடந்து பார்த்தேன். அவள் எட்டு மணிக்கு வருவாள். குழுவை நடத்துபவர் ஏசுதாசன். அவர் பெயரைச் சொல்லும்போது அவள் குரல் அரைச் சுரம் ஏறும். நான் சந்தேகப்படுகிற ஆள் இல்லை. காது கூர்மையான ஆள், அவ்வளவுதான்.

பயிற்சிப் பாடல்களை அவள் வீட்டு சிஸ்டத்தில்தான் போட்டுக் கேட்பாள். ஜூனிலிருந்து வாரத்துக்குக் கொஞ்சமாக, அந்தக் கீச்சென்ற மேல் ஒலிகளை ஈக்வலைசர் பெட்டியில் இறக்கினேன். ஒரேயடியாக இறக்கினால் யாருக்கும் தெரிந்துவிடும். டிவியும் அதே பெட்டி வழியாகத்தான்.

செப்டம்பரில் கேட்டாள். “ஏங்க, எல்லாரும் போர்வைக்குள்ளேருந்து பாடற மாதிரி இருக்கு. உங்களுக்கு?”

“எனக்கு நல்லாத்தானே கேக்குது.”

அதன்பிறகு சில சமயம் வெறுமனே உதட்டை அசைத்துவிட்டு, “கூப்பிட்டேனே, காதுல விழலையா?” என்பேன். பயந்துபோனாள். ஆஸ்பத்திரி வேண்டாம் என்று, நானே அவளுக்கு ஹெட்போன் மாட்டி அதே பெட்டியில் சோதித்தேன். கீச்சு ஒலி ஒன்றுகூட அவளுக்குக் கேட்கவில்லை. கேட்காதுதான், அதைத்தான் இறக்கி வைத்திருந்தேனே. அழுதாள். அடுத்த சனிக்கிழமை பயிற்சிக்குப் போகவில்லை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம் என்கிறீர்கள். கிறிஸ்துமஸுக்கு ஏசுதாசன் கேக்கோடு வந்தார். “காதுக்கு மெஷின் வெச்சுக்கிட்டு வாங்க சிஸ்டர். எல்லாரும் தேடறாங்க,” என்றார். தேடுவது யார் என்று எனக்குப் புரிந்தது.

மெஷினை நானே வாங்கிக் கொடுத்தேன், இரண்டு காதுக்கும். போனிலேயே அளவு வைக்கலாம். மேல் ஒலிகளை உச்சத்தில் வைத்தேன். இதுவும் ஈக்வலைசேஷன்தான், மேடம். ஸ்பீக்கர் காதுக்குள் இருக்கிறது, அவ்வளவே.

“வலிக்குதுங்க. தட்டு வெச்சாக்கூடக் குத்துது,” என்றாள்.

“பழகிடும். கழட்டாதே.”

நல்ல காதை அந்த அளவு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஐந்து மாதம் மாட்டியிருந்தாள். நான் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், அவள் அக்கா சாராள் அவளைத் தாம்பரத்தில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் மெஷினில் இருந்த அளவைப் பார்த்த பிறகுதான் உங்களுக்குப் புகார் வந்தது. நரம்பு கெட்டுவிட்டது, இனி திரும்பாது என்று அவர் எழுதியிருப்பது சரிதான். கேட்கிற காதைக் கேட்காமல் செய்தது நான்தான்.

ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். கடைசி மாதங்களில் நான் பேச ஆரம்பித்தால், அவள் அரிசி களைவதைப் பாதியில் விட்டுவிட்டு வந்து என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள். பதினோரு வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. அப்போது நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம், மேடம்.